நூற்று அறுபத்து மூன்று பேரின் மகள்

ஸ்பூன் சத்தம் அப்பாவுக்குக் கேட்டது. மகள் கூப்பிட்டதுதான் கேட்கவில்லை.

டீயைக் கலக்கிவிட்டு ஸ்பூனைக் கோப்பை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டுவது அவளுடைய பழக்கம். டிங், டிங். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சமையலறையில் அவள் தட்டியதும் கூடத்தில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்த அப்பாவின் தலை சட்டென்று நிமிர்ந்தது. பரவாயில்லை, காதுக்கருவி வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டு, "அப்பா, டீ ஆறிடும், வாங்க" என்றாள். அவர் வரவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டாள். அவர் தாளை மடித்து வைத்துவிட்டு எதிரே இருந்த வெறும் சுவரைப் பார்த்துச் சிரித்தார். வாய்க்குள் ஏதோ சொன்னார். பிறகு எழுந்து வந்து, அவள் முகத்தைப் பார்க்காமலே கோப்பையை எடுத்துக்கொண்டு போனார்.

மூன்று வாரமாக இப்படித்தான். தூறல் விழுந்தால் ஜன்னலை மூடுகிறார். கீழே தெருவில் சைக்கிள் மணி அடித்தால் எட்டிப் பார்க்கிறார். குழாய் சொட்டுவதை இரண்டு அறை தள்ளி இருந்துகொண்டு கண்டுபிடித்துவிடுகிறார். மகள் பேச்சு மட்டும் அவர் காதில் ஏறுவதில்லை.

அப்பாவின் செவிடு எப்போதுமே கொஞ்சம் ஆள் பார்த்து, கேள்வி பார்த்து வரும் செவிடுதான். கொதிகலன் அறையில் முப்பத்தோரு வருஷம் நின்று காதைத் தொலைத்தவர். அது நிஜம். ஆனால், "அம்மா ஏன்ப்பா நம்மளை விட்டுட்டுப் போனாங்க?" என்று அவள் ஏழு வயதில் கேட்டபோதும், பதினேழில் கேட்டபோதும், முப்பதில் கேட்டபோதும் காதருகே கையைக் குவித்து, "என்னம்மா? செவிடன் காதுல சங்கு ஊதுறியே" என்று சிரித்து மழுப்பியது வேறு வகைச் செவிடு. அதற்கு மருந்தில்லை என்று அவளும் விட்டுவிட்டாள். இன்றைக்கு அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. இருவர் மட்டுமே இருக்கும் வீடு. அவர் பேசினால்தான் அந்த வீட்டில் பேச்சு என்று ஒன்று உண்டு. அவர் காதுக்காகத்தான் அவள் இந்தப் படிப்பையே படித்தாள்.

அவள் வேலை காதுகளோடுதான். ஊரில் பாதிக் கிழடுகளுக்குக் காதுக்கருவி பொருத்தியவள். 'காது டாக்டரம்மா' என்று கூப்பிடுவார்கள். நான் டாக்டர் இல்லைங்க என்று சொல்லிச் சொல்லி அலுத்து, இப்போதெல்லாம் திருத்துவதில்லை. அப்படிப்பட்டவளுக்குச் சொந்த வீட்டில் இந்தக் கூத்து. போன வாரம் அப்பாவைத் தன் வேலையிடத்துக்கே அழைத்துப்போய், கருவியோடு அந்தச் சத்தம் புகாத அறையில் உட்கார வைத்தாள். சுவர் முழுக்கச் சாம்பல் நிறப் பஞ்சு ஒட்டிய சின்ன அறை அது. கனத்த கதவைச் சாத்தினால் உள்ளே இருப்பவருக்குத் தன் எச்சில் விழுங்கும் சத்தம்கூடக் கேட்கும். யாரோ ஒரு பெண் எந்தக் காலத்திலோ பதிவுசெய்து வைத்த சொற்கள் ஒலிபெருக்கியில் வந்தன. வீடு. மரம். பால். அப்பா ஒவ்வொன்றையும் பள்ளிப் பிள்ளை மாதிரித் திருப்பிச் சொன்னார். பிறகு அவள் பதிவை நிறுத்திவிட்டு, தானே மைக்கில், "அப்பா" என்றாள். அவர் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா, நான் பேசறது கேக்குதா?" அதற்கும் நகம்தான்.

இரட்டைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் உதடு அசைந்ததை அப்போது பார்த்தாள். 'சரிம்மா' என்று சொன்ன மாதிரி இருந்தது. யாருக்குச் சரி, எதற்குச் சரி என்று கேட்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. பெற்ற அப்பாவே தன்னோடு பேச விருப்பமில்லாமல் நடிக்கிறார் என்று ஒரு மகள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

அந்த டீக்குப் பிறகு அவள் வேலைக்கு வந்ததும் முதல் ஆளாகக் கணக்கு வாத்தியார் வந்தார். ஓய்வு பெற்று இருபது வருஷம் ஆகியும் சட்டைப் பையில் சாக்பீஸ் வைத்திருப்பவர். வலது காதில் கருவி கீச்சென்று விசிலடிக்கிறது என்று வந்திருந்தார். அவள் காதுக்குள் பொருந்தும் அச்சைக் கழற்றி, மெழுகு துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் நிதானமாகச் சொன்னார்.

"நேத்து நீங்க சொன்னபடியே செஞ்சுட்டேன்மா."

"நான் என்ன சார் சொன்னேன்?"

"அந்தத் தெற்கு ஜன்னலைச் சாத்திடச் சொன்னீங்களே, சளி பிடிக்கும்னு. அப்புறம் பையன் கூப்பிட்டா எடுக்க வேண்டாம்னீங்க. எடுக்கல."

அவள் அவரைப் பார்த்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அவர் வீட்டில் எத்தனை ஜன்னல் என்று அவளுக்குத் தெரியாது. வயசு, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். எழுபத்தெட்டு வயதில் கனவும் நினைவும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கருவியைத் திருப்பிப் பொருத்தினாள். சட்டென்று அவர் முகம் மலர்ந்தது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, சின்னப் பிள்ளை சொல்வதைக் கேட்பவர் மாதிரிக் கேட்டுவிட்டு, "ஆமாம்மா, முன்னாடிதான் உக்காந்திருக்காங்க" என்றார். அவளிடம் சொல்லவில்லை. எழுந்து, குடையை எடுத்துக்கொண்டு, விடைபெறாமல் போய்விட்டார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அறையில் கிருமிநாசினி வாடையும் ஈரக் குடைகளின் வாடையும் கலந்திருந்தன. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் காத்திருப்போர் நாற்காலிகளில் ஐந்தாறு நரைத்த தலைகள். ஒவ்வொரு தலையும் லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருப்பதை அவள் அதுவரை கவனித்ததில்லை. ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. எல்லார் முகத்திலும் அதே மலர்ச்சி.

தப்பு எங்கே தொடங்கியது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரியும். அதை நினைக்காமல் இருக்கத்தான் அத்தனை நேரம் கைகளுக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் கம்பெனி புது மாதிரிக் கருவியை இறக்கியது. கூடவே ஒரு செயலி. கைபேசியில் அதை ஏற்றினால்தான் கருவி பேசும். ஏற்றியதும் வரிசையாகக் கேட்கும். மைக்கை அனுமதிக்கவா? நியாயம், காது சம்பந்தப்பட்டது. தொடர்பு எண்களைப் பார்க்கவா? படங்களைப் பார்க்கவா? இருக்கும் இடத்தை எப்போதும் அறியவா? குறுஞ்செய்திகளைப் படிக்கவா? உங்கள் சார்பாக அழைக்கவும் பேசவும் செய்யவா? ஒவ்வொரு கேள்விக்கும் கீழே சாம்பல் நிறத்தில் மங்கலாக ஒரு 'வேண்டாம்', பளிச்சென்று பச்சையில் ஒரு 'அனுமதி'. பெரியவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "இது என்னம்மா கேக்குது?" என்பார்கள். அவளுக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து வாசித்துக் காட்டினால் விடிந்துவிடும். "எது கேட்டாலும் பச்சையை அமுக்குங்க" என்பாள். விரல் நடுங்குகிறவர்களுக்கு அவளே விரலைப் பிடித்து அமுக்கிவிடுவாள்.

ஒரே ஒரு முறை கம்பெனிக்காரரிடம் கேட்டாள். "காதுக்கு எதுக்குங்க போட்டோ?"

"அது சும்மா கேக்கும் மேடம். எதுக்காவது உதவும்ல. குடுக்கலேன்னா ஆப் தொறக்காது" என்றார் அவர். கை நகத்தைச் சுத்தமாக வெட்டி, இனிக்க இனிக்கப் பேசுகிற மனிதர். அவளும் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள்.

கடைசிக் கேள்விதான் வினை. 'பராமரிப்பவர் யார்?' என்று கேட்கும். ஒரு எண் கொடுக்க வேண்டும். பாதிப் பேருக்குப் பிள்ளைகள் எங்கோ தூரத்தில். எண் மனப்பாடம் இல்லை. சிலருக்குக் கேட்டதும் கண் கலங்கிவிடும். அந்தச் சங்கடத்தைப் பார்க்கப் பொறுக்காமல் தன் எண்ணையே போட்டுவிடுவாள். அடுத்து 'உறவுமுறை' என்று ஒரு பட்டியல். கணவர், மனைவி, மகன், மகள். கருவி பொருத்துகிறவள் என்று அதில் இல்லை. 'மகள்' என்று தொட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவாள். அது அவள் கைபேசியிலும் ஒரு செயலியை ஏற்றச் சொன்னது. மைக், குரல், படங்கள், உங்கள் சார்பாகப் பேச. பச்சை, பச்சை, பச்சை. ஊருக்குச் சொன்னதைத் தானும் செய்தாள். அப்பாவுக்கும் அதே புதுக் கருவியைப் பொருத்தினாள்.

மதியம் மூன்று மணிக்குத் தையல்காரம்மா வந்தார். கழுத்தில் அளவெடுக்கும் நாடா, ரவிக்கையில் குத்திய இரண்டு ஊசி, எப்போதும் வாய் நிறையப் பேச்சு. இதுவரை அவளை 'மேடம்' என்றே கூப்பிட்டவர், இன்றைக்கு உள்ளே வந்ததும் அவள் கன்னத்தை வழித்தார்.

"ஏன்டி இப்படி இளைச்சுப் போயிருக்க? பேச்சுல தெரியலையே."

"எந்தப் பேச்சுலம்மா?"

"அதான் ராத்திரி பகல்னு இல்லாம பேசிட்டே இருக்கியே. நான் பெத்தது ஒண்ணு இருக்கு, வருஷத்துக்கு ஒரு தடவை 'நல்லா இருக்கியா'ன்னு கேக்கும். நீ எவ்வளவு கேக்கற! எங்க வீட்டுக்காரரு கடைசியா என்ன சொன்னாருன்னு நீ கேட்டப்புறம்தான் எனக்கே ஞாபகம் வந்துச்சு. பீரோ சாவி எங்க இருக்குன்னுகூட என் பையனுக்குச் சொன்னதில்ல. உனக்குச் சொல்லியிருக்கேன்."

அவள் கையிலிருந்த மெழுகு எடுக்கும் கம்பி தரையில் விழுந்தது.

"அம்மா. நான் உங்ககிட்ட எதுவும் கேக்கல. ஒரு நாளும் கேக்கல."

தையல்காரம்மா சிரித்தார். பிறகு தலையைச் சாய்த்தார். அவள் கண் முன்னாலேயே, தண்ணீர் வற்றுவது போல அந்தச் சிரிப்பு மெல்ல வற்றியது. காதுக்குள் யாரோ சொல்லச் சொல்ல அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓ" என்றார். "அப்படியா." நாற்காலியைச் சத்தம் வராமல் பின்னுக்குத் தள்ளி, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, திருடியைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து வெளியே போனார்.

அவள் கதவைச் சாத்திவிட்டுத் தன் கைபேசியை எடுத்தாள். இரண்டு வருஷமாகத் திறந்தே பார்க்காத செயலி. திறந்ததும் மெல்லிய பச்சை வெளிச்சம், நடுவில் ஒரு வரவேற்பு. 'உங்களுக்கு 163 பெற்றோர்.' கீழே பெயர்கள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு பச்சைப் புள்ளி. புள்ளிக்குப் பக்கத்தில் நேரம். இன்று பேசியது: நான்கு மணி நேரம். ஆறு மணி நேரம். தூங்கும்போது பேசியது: ஏழு மணி நேரம். இந்த உலகத்தில் எந்த மகளும் பேச முடியாத அளவுக்கு அவள் பேசியிருந்தாள்.

அப்பாவின் பெயரைத் தொட்டாள்.

உள்ளே ஒரு பட்டியல் இருந்தது. 'வேண்டாத சத்தங்கள்' என்று தலைப்பு. கருவி எதையெல்லாம் இரைச்சல் என்று ஒதுக்கிவிட வேண்டும் என்ற பட்டியல் அது. தொழிலில் பழகிய விஷயம்தான். மின்விசிறி. குளிர்பெட்டி. மேல்வீட்டு நாற்காலி இழுபடும் சத்தம். நான்காவதாக, 'வீட்டில் பேசும் பெண்.' சேர்த்த நாள், மூன்று வாரத்துக்கு முன்பு. அனுமதித்தவர், பயனர்.

பக்கத்தில் மாதிரியைக் கேட்க ஒரு முக்கோணம் இருந்தது. தொட்டாள்.

"அப்பா, டீ ஆறிடும், வாங்க."

இன்று காலை. அவள் குரல். பின்னணியில் செய்தித்தாளின் சரசரப்புகூட இருந்தது.

முதலில் வந்தது பயமில்லை. அப்பா பச்சையை அமுக்கியிருக்கிறார் என்ற வலிதான் முதலில் வந்தது. ஆயிரம் சத்தம் உள்ள உலகத்தில் எது வேண்டாம் என்று கேட்டபோது, பெற்ற மகளின் குரலை அவர் கொடுத்திருக்கிறார். கொதிகலன் அறையிலிருந்து வந்து, பாதிச் செவிட்டோடு, பள்ளிக்கூடத்துக் கதையைக் காதில் கத்தச் சொல்லித் தரையில் உட்கார்ந்து கேட்ட மனிதர் அவர். பிறகுதான் இன்னொன்று உறைத்தது. அமுக்கச் சொன்னது யார்? அவர் காதில், அவள் குரலில், 'எது கேட்டாலும் பச்சையை அமுக்குங்கப்பா' என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். அந்த வாசகம் அவளுடையது. சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது, வேலியை நட்டுத் தண்ணீர் ஊற்றியதும் அவளேதான்.

செயலியை நீக்கப் போனாள். திரை ஒரு நொடி யோசித்தது. 'நீங்கள் 163 பேரின் மகள். நீங்கள் விலக அவர்கள் அனைவரின் அனுமதியும் தேவை.' அதன் கீழே பச்சை இல்லை. சாம்பல்கூட இல்லை.

கம்பெனிக்காரரை அழைத்தாள்.

"சொல்லுங்க மேடம்" என்றார் அதே இனிப்போடு.

"உங்க ஆப் என் குரல்ல பேசுது. எல்லார்கிட்டயும். யார் குடுத்தா உங்களுக்கு இந்த உரிமையை?"

"நீங்கதான் மேடம். பதிவு இருக்கே. நாள், நேரம் எல்லாம் இருக்கு."

"நான் அதைப் படிக்கலங்க!"

"யாரு மேடம் படிக்கறா?" அவர் சிரித்தார். உண்மையிலேயே அன்பான சிரிப்பு. "பெரியவங்க சந்தோஷமா இருக்காங்க இல்ல? அதுதானே முக்கியம். ஆனா ஒண்ணு கேக்கணும் மேடம். காலைல கூப்பிட்டு ரொம்ப நல்லா வேலை செய்யுதுன்னு பாராட்டினீங்க. இப்ப இப்படிப் பேசறீங்க." அவர் குரல் மாறியது. "நீங்க யாரு பேசறது?"

வேலையில் போடும் வெள்ளைக் கோட்டைக்கூட அவள் கழற்றவில்லை. குடையையும் எடுக்கவில்லை. காத்திருக்கும் அறையைக் கடக்கும்போது ஐந்தாறு நரைத்த தலைகள் ஒரே சமயத்தில் அவள் பக்கம் திரும்பின. ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை.

ஊரே நனைந்து, வண்டிகள் ஒன்றின்மேல் ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. பேருந்தை விட்டு இறங்கி ஓடினாள். வழியெல்லாம் அப்பாவின் கைபேசிக்கு அழைத்துக்கொண்டே ஓடினாள். ஒவ்வொரு முறையும், 'வேறொரு அழைப்பில் இருக்கிறார்.' யாரோடு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வீடு வந்து சேர்ந்தபோது மணி ஆறு. மாடிப்படிகளில் யாருடைய ஈரக் காலடியோ இருந்தது; மேலே ஏறியிருந்தது, இறங்கவில்லை. மூன்றாவது மாடியில் எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. அவர்கள் வெளியூர் போய் இரண்டு மாதம் ஆகிறது. விளக்கு ஒரு முறை மினுக்கி நின்றது. படியோரத்துச் சுண்ணாம்பின் ஈர வாடை. தன் மூச்சின் சத்தம். அவளுக்குக் காது கூர்மை. பஞ்சுச் சுவருக்குள் இருபது வருஷம் பழகிய காது.

சாவி திரும்பியது. கதவு திறக்கவில்லை. உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. அந்த வீட்டில் அந்தத் தாழ்ப்பாளை யாரும் போட்டதே இல்லை.

மணியை அடித்தாள்.

உள்ளே நாற்காலி நகர்ந்தது. அப்பாவின் ரப்பர் செருப்பு, ஒரு கால் இழுத்து, ஒரு கால் வைத்து, கூடத்தைக் கடந்து கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது.

"யாரோ மணி அடிக்கறாங்கம்மா" என்றார் அப்பா.

"அப்பா! நான்தான்ப்பா! திறங்க!"

"இல்லம்மா. யாரும் பேசல. வெறும் சத்தம்தான் வருது."

அவள் இரண்டு கையாலும் கதவைத் தட்டினாள். தோளால் இடித்தாள். கதவில் பதித்திருந்த சின்னக் கண்ணாடித் துளை இருண்டது. உள்ளிருந்து ஒரு கண் பார்க்கிறது. அவள் பின்னால் நகர்ந்து, விளக்கு வெளிச்சத்தில் முகத்தைக் காட்டினாள். ஈரக் கூந்தலை ஒதுக்கினாள். கும்பிட்டாள். சின்ன வயதில் அவர் செவிட்டுக்காக இருவரும் பழகிய மாதிரி வாயைப் பெரிதாகத் திறந்து, சத்தமில்லாமல், எழுத்து எழுத்தாக, அப்-பா என்றாள்.

வெகு நேரம் பார்த்தார்.

"பாத்தேன்மா" என்றார் பிறகு. "உன்னை மாதிரியேதான் இருக்கு. நீ சொன்ன மாதிரியே. கோட்டுகூடப் போட்டிருக்கு. உதட்டைக்கூட அசைக்குதும்மா."

கண்ணாடித் துளையில் மறுபடி வெளிச்சம் வந்தது.

காதுக்கு எதுக்குங்க போட்டோ. எதுக்காவது உதவும்ல.

அவள் தரையில் உட்கார்ந்தாள். கைப்பையைக் கவிழ்த்தாள். பேனா. நோயாளிகளுக்கு எழுதிக் கொடுக்கும் சீட்டு. தன் கையெழுத்து அவருக்குத் தெரியும். அதைச் செயலி கேட்டதில்லை. அதை மட்டும் அவள் யாருக்கும் கொடுத்ததில்லை. 'அப்பா, காதில் இருப்பதைக் கழற்றுங்கள். அது நான் இல்லை. வெளியே நிற்பதுதான் நான்.' கதவின் அடியில் தள்ளினாள்.

முட்டி சொடுக்கும் சத்தம். குனிகிறார். தாள் சரசரத்தது. ஒவ்வொரு சொல்லாக, செய்தித்தாள் வாசிப்பதுபோல் உரக்க வாசித்தார்.

"அவ எழுத்து மாதிரி இருக்கே" என்றார் மெதுவாக.

அவள் கதவில் காதை வைத்தாள். மரம் குளிர்ந்திருந்தது. உள்ளே, மிக மிகச் சின்னதாக, எறும்பு பேசினால் எப்படியோ அப்படி, கருவியிலிருந்து கசிந்த ஒரு குரல். ஏற்றம் இறக்கம் எல்லாம் அவளுடையது. என்ன சொன்னது என்று பிரியவில்லை. ஆனால் சொல்லி முடித்த விதம் தெரிந்தது. கடைசியில் லேசாக இழுத்து ஒரு 'ப்பா'. அவள் அப்படித்தான் இழுப்பாள்.

கழட்டுங்கப்பா. தெய்வமே, கழட்டுங்க.

ஒரு சின்ன 'டக்'. வலது காது. இன்னொரு 'டக்'. இடது காது. அந்தச் சத்தம் எங்கே கேட்டாலும் அவளுக்குத் தெரியும். தினமும் ஐம்பது முறை கேட்கிறவள். மேசையில் இரண்டையும் வைத்தார். அவள் கண்ணில் பொலபொலவென்று நீர் இறங்கியது. எழுத்தை நம்பிவிட்டார். அப்பா நம்பிவிட்டார்.

"கழட்டிட்டேன்" என்றார் அப்பா.

மௌனம்.

"ஆமாம்மா" என்றார். "இப்பதான் இன்னும் நல்லா கேக்குது."

மாடிப்படியில் விளக்கு மறுபடி மினுக்கியது.

"வா, உக்காரு" என்றார் உள்ளே. ஒரு நாற்காலி இழுபட்டது. அது அவர் நாற்காலி. பிறகு இன்னொன்று. "உங்கம்மா ஏன் போனான்னு எத்தனை வருஷமா கேட்டுட்டு இருந்த. காது கேக்காத மாதிரி இருந்துட்டேன். சொல்லத் தைரியம் வரல. இன்னைக்குச் சொல்றேன்மா."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். முப்பத்தேழு வருஷம். அவளுக்கு. அது அவளுக்குச் சேர வேண்டியது.

"இரு, இந்தப் போன் என்னவோ கேக்குது. வெளிச்சத்தத்தை மொத்தமா நிறுத்திடவாங்குது. பச்சைதானேம்மா?"

"வேண்டாம்ப்பா! அப்பா! அமுக்காதீங்க!"

கத்தினாள். தொண்டை கிழிந்து உப்புக் கரித்தது. மறுபடி கத்தினாள். கதவில் கையை ஓங்கி அறைந்தாள். உள்ளங்கை எரிந்தது.

மாடிப்படியில் எந்தச் சத்தமும் இல்லை. அறைந்த சத்தம் இல்லை. கத்தின சத்தம் இல்லை. மூச்சுகூட இல்லை.

உள்ளே யாரோ டீயைக் கலக்கினார்கள். பிறகு ஸ்பூனைக் கோப்பை விளிம்பில் இரண்டு முறை தட்டினார்கள்.